வானம் பச்சை, கீழே மட்டும் சிவப்பு

குன்னத்துக்கும் செந்துறைக்கும் நடுவில் மாவட்ட எல்லை எங்கே ஓடுகிறது என்று அங்கே மக்காச்சோளம் போட்டிருப்பவரிடம் கேட்டால், ஏதாவது ஓர் ஓடையைக் கைகாட்டுவார். அந்த எல்லைக்கு வயதும் அதிகமில்லை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. அடுத்த ஆண்டே திரும்பச் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. போட்டு, அழித்து, மீண்டும் போட்ட கோடு. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்கு அது தெரியாது. ட்ரோனில் மருந்தடிக்க வரும் இளைஞருக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது அவர் முகம் பழகிய காவல் நிலையம். அந்தப் பக்கம் போனால், “யாருப்பா உனக்குப் பர்மிஷன் கொடுத்தது?” என்பதுதான் முதல் கேள்வி.

இதே தலைவலி ஐரோப்பாவில் நாடுகளுக்கிடையே இருந்தது. ஒன்றியத்தில் 27 நாடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி விமானப் போக்குவரத்து அலுவலகம், ட்ரோனுக்கென்று தனித்தனிச் சட்டம். 2020 டிசம்பர் 31 முதல் அங்கே ஒரே ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. 25 கிலோவுக்குக் குறைந்த ட்ரோனைக் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள், 120 மீட்டர் உயரத்தைத் தாண்டாமல், கூட்டத்தின் தலைக்கு மேல் போகாமல் இயக்குபவர் பொதுவாக யாரிடமும் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு நாட்டில் பதிவு செய்து வாங்கிய எண் எல்லா நாட்டிலும் செல்லும். ஆபத்து கூடிய வேலைக்கு மட்டும் சொந்த நாட்டில் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியோடு அடுத்த நாட்டுக்குள் நுழைவதற்கு ஒழுங்குமுறையின் 13ஆம் பிரிவு வழி சொல்கிறது. ஜெர்மனியில் அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் பெல்ஜியத்தில் பறக்க நினைத்தால், கையிலிருக்கும் அனுமதியின் நகலையும், பறக்கப்போகும் இடங்களையும், அந்த இடங்களுக்கேற்ப என்ன பாதுகாப்பு ஏற்பாடு செய்திருக்கிறது என்பதையும் பெல்ஜிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பெல்ஜிய அதிகாரி முழுப் பரீட்சையையும் மறுபடி வைப்பதில்லை. உள்ளூர் நிலவரத்துக்கு ஏற்பாடு போதுமா என்று மட்டும் பார்த்து உறுதிசெய்வார். எல்லாம் வெண்ணெய் போல நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அலுவலகம் என்றால் எந்த நாட்டிலும் அலுவலகம்தான். ஆனால் யார் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது.

நம் ஊரிலும் எழுத்தில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

2014 அக்டோபரில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. 2018 டிசம்பரில் கதவு கொஞ்சம் திறந்தது. பறக்கும் ஒவ்வொரு முறையும் இணையத்தில் அனுமதி வாங்கினால்தான் கருவியே கிளம்பும் என்ற திட்டத்தோடு. 2021 மார்ச்சில் வந்த விதிகள் 25 படிவங்களைக் கேட்டன. 72 வகைக் கட்டணம். அதைப் பார்த்து எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டதில், ஐந்தே மாதத்தில் அவை தூக்கிப் போடப்பட்டு, 2021 ஆகஸ்ட் 25 அன்று புதிய ட்ரோன் விதிகள் வந்தன. படிவங்கள் 5, கட்டண வகைகள் 4. அடுத்த மாதமே நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடமாக வெளியிடப்பட்டது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் மிக அருகிலுள்ள பயணிகள் விமான நிலையம் திருச்சி. அந்த 12 கிலோமீட்டர் வட்டம் இந்த இரண்டு ஊர்களின் பக்கம்கூட வராது. மக்காச்சோளத்துக்கு மேலே நாலு முழம் உயரத்தில் பறக்கும் கருவிக்கு டெல்லியின் சட்டப்படி யாரிடமும் கடிதம் வாங்க வேண்டாம்.

கருவிக்குப் பதிவு எண் வேண்டும், ஓட்டுபவருக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறி, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் படித்தால் பத்து ஆண்டு செல்லும் சான்றிதழ் கிடைக்கும். காவலர் இந்த இரண்டையும் கேட்டால் அது அவர் கடமை. ‘அனுமதிக் கடிதம்’ கேட்டால், சட்டத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறார்.

காவல் துறைக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாண மண்டபங்களின் மேல் பறப்பவற்றில் எத்தனை பதிவு பெற்றவை என்று யாராவது எண்ணப் புறப்பட்டால் பல வீட்டு ஆல்பங்கள் சாட்சிக்கு வர வேண்டியிருக்கும். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் ஊருக்கு வரும்போது தம்பிக்கு ஒரு ட்ரோனும் வாங்கி வருவது வழக்கமாக இருந்தது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை இந்தியா தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புப் பணிகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகம் வரலாம், முழுக் கருவி வரக் கூடாது. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட கருவியை முறையாகப் பதிந்து, விதி மாறாமல் பறக்கவிட்டவர், அதே கருவியைப் பெட்டியில் வைத்துத் திருச்சியில் இறங்கினால் சுங்கத்தில் மாட்டுவார். மாட்டாமல் வெளியே வந்தாலும் அதற்குப் பதிவு எண் வாங்க வழியில்லை. ஒரு நாட்டுப் பதிவு 27 நாட்டில் செல்லும் ஐரோப்பாவுக்கும், வெளிநாட்டுப் பதிவு நம் விமான நிலைய வாசலிலேயே செத்துப்போகும் நமக்கும் இடையிலுள்ள தூரம் இதுதான். உள்நாட்டு உற்பத்தியைக் காப்பது சரியான காரணம் என்பதே என் எண்ணம், சென்னை எம்.ஐ.டி. வளாகத்தில் ‘தக்ஷா’ ட்ரோன் குழு வளர்ந்ததையும், தமிழ்நாடு அரசே ஆளில்லா வான்கலங்களுக்குத் தனிக் கழகம் தொடங்கியதையும் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் முன்பே உள்ளே வந்து, ஊர் ஊராகப் பறந்துகொண்டிருக்கும் கருவிகளை இருட்டிலேயே வைத்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? பதிவுக்கு ஒரு கடைசி வாய்ப்பு கொடுத்துக் கணக்கில் கொண்டுவந்தால் காவலரின் சந்தேகமும் குறையும்.

தடை போட வேண்டிய நேரம் வரும். அதற்கும் விதியில் இடம் இருக்கிறது. முக்கியப் பிரமுகர் வருகிறார், திருவிழாக் கூட்டம் கூடுகிறது என்றால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம்தான். அதை வரைபடத் தளத்திலேயே ஏற்ற வேண்டும். 2025 செப்டம்பரில் கோபன்ஹேகன் விமான நிலையத்தையே அடையாளம் தெரியாத ட்ரோன்கள் முடக்கியபோது, அடுத்த வாரம் நடந்த தலைவர்கள் மாநாட்டுக்காக டென்மார்க் நாடு முழுவதும் பொதுமக்கள் ட்ரோனுக்குத் தடை போட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை என்று நாள் குறித்துப் போட்டது. நாள் முடிந்ததும் தடையும் முடிந்தது. நம்மிடம் தடைச் செய்தி நாளிதழில் ஒரு பத்தியாக வரும். அது வரைபடத்தில் ஏறாவிட்டால், பத்திரிகை படிக்காத ட்ரோன்காரர் குற்றவாளி. படித்த காவலருக்கோ தடை என்றைக்கு முடிந்தது என்று தெரியாது.

இதுவரை சொன்னது பறப்பதைப் பற்றி. எனக்கு இதைவிடப் பெரிய கவலை, பறக்கும் கருவி கீழே எதைக் கொட்டுகிறது, மேலிருந்து எதைப் பார்க்கிறது என்பதில்.

மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்த பிறகு கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே போவது என்ன பாடு என்று போனவருக்குத்தான் தெரியும். தோகை முகத்தை அறுக்கும். அடிக்கிற மருந்து தலைக்கு மேல் நின்று தன் மேலேயே இறங்கும். 2018இல் படைப்புழு பெரம்பலூர் மக்காச்சோளத்தைச் சூறையாடியபோது இதையெல்லாம் பார்க்காமல்தான் அடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2017இல், பருத்திக்கு மருந்தடித்த கூலியாட்கள் நெடி ஏறி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்காட்டு மரணங்கள் நாடு முழுக்கப் பேசப்பட்ட அதே பருவம் அது. ஆகவே முதுகிலிருந்து அந்த டேங்கை இறக்கி வைக்கிற எந்தக் கருவியையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

வயல் ஓரத்தில் நின்று கவனித்தால் வேலை எப்படி நடக்கிறது என்பது புரியும். சரக்கு ஆட்டோவில் கருவி, ஜெனரேட்டர், நாலைந்து ஜோடி பேட்டரி. ஒருவர் வாளியில் மருந்தைக் கரைத்துப் பத்து லிட்டர் டேங்கில் வடிகட்டி ஊற்றுகிறார். இன்னொருவர் கையில் ரிமோட். ஆறு கை விரித்து எழும்பும் கருவி வரிசை பிடித்துப் போய்த் திரும்பி, பத்து நிமிடத்துக்குள் ஓர் ஏக்கரை முடித்துவிட்டு, பேட்டரி தீர்ந்து வரப்பில் வந்து உட்காருகிறது. கழற்றிய பேட்டரி கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அதை ஆறவைத்துத்தான் மறுபடி சார்ஜ் போட வேண்டும். மிக எளிதாகத் தெரியும் இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது அந்த வாளிதான். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நூற்றைம்பது, இருநூறு லிட்டர் தண்ணீரில் கரையும் மருந்து, இங்கே பத்து லிட்டரில் கரைகிறது. அதாவது காற்றில் மிதக்கும் ஒவ்வொரு துளியிலும் பல மடங்கு வீரியம். துளியும் பொடி. இறக்கையின் காற்று அதைத் தழைக்குள் அடித்து இறக்கும் என்பது உண்மை. பக்கக்காற்று அடித்தால் அதே துளி பக்கத்து வயலின் சின்ன வெங்காயத்துக்கும், வரப்பில் மேயும் ஆட்டுக்கும், மூடாத கிணற்றுக்கும் போகும் என்பதும் உண்மை.

இங்கேதான் ஐரோப்பாவையும் நம்மையும் ஒப்பிட்டால் தலைகீழான படம் தெரிகிறது. நாட்டு எல்லையைத் தாண்டிப் பறக்க வழி செய்து கொடுத்த அதே ஒன்றியம், வானிலிருந்து பூச்சிக்கொல்லி தெளிப்பதை 2009ஆம் ஆண்டின் வழிகாட்டுச் சட்டத்தால் பொதுவாகத் தடை செய்திருக்கிறது. வேறு வழியே இல்லாத இடங்களுக்கு மட்டும் விலக்கு. ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் செங்குத்துச் சரிவுகளில் இருக்கும் திராட்சைத் தோட்டங்களைப் போல. ட்ரோனுக்காக அதைத் தளர்த்தலாமா என்ற வாதம் அங்கே இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது. நம்மிடம் பறப்பதற்குக் கேள்வி மேல் கேள்வி, தெளிப்பதற்கு மானியம். 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் என்று 1,261 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். பெண்கள் கையில் ஒரு தொழில் வருவது நல்லதுதான். அந்தத் தொழிலின் ஆபத்தை யார் கேட்பது என்பதுதான் காணவில்லை.

கேட்க விதி இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் வானிலிருந்து தெளிப்பதற்கென்றே சில நிபந்தனைகளை வைத்திருக்கின்றன: 24 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்களுக்கு உரிய அதிகாரிகள் வழியே அறிவிக்க வேண்டும், தெளிக்கும் பரப்பை அடையாளமிட வேண்டும், வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆட்களும் கால்நடைகளும் குறிப்பிட்ட நேரம் வரை உள்ளே வராமல் தடுக்க வேண்டும். ட்ரோனுக்கான தனி நடைமுறைகளையும் 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்டது. காசர்கோட்டு முந்திரித் தோப்புகளில் ஹெலிகாப்டர் தெளித்த எண்டோசல்ஃபான் என்ன செய்தது என்பதைப் பார்த்த நாட்டில் இவை வெறும் காகிதமாக இருக்கக் கூடாது. நம் கிராமங்களில் நாளை காலை இந்த வயலுக்கு ட்ரோன் மருந்து என்று முந்தின நாள் யார் சொல்கிறார்கள்? தண்டோரா போடும் வழக்கத்தை 2022இல் தமிழக அரசே கைவிடச் சொல்லிவிட்டது, சரி. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இருக்கிறது. ஊருக்கு ஊர் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆனால் ‘பர்மிஷன்’ கேட்கும் காவலரும் இந்த அறிவிப்பைக் கேட்பதில்லை, மானியம் கொடுக்கும் அலுவலரும் கேட்பதில்லை.

கொட்டுவது இப்படி என்றால், பார்ப்பது வேறு கதை. அதற்கு அரியலூருக்குப் போக வேண்டும்.

அரியலூரின் அடிநிலம் கடல் விட்டுப் போன சுண்ணாம்புக்கல். அதை வெட்டித்தான் டான்செம் தொடங்கி அத்தனை பெரிய சிமென்ட் ஆலைகளும் ஓடுகின்றன. சுற்றிலும் ஊர் மட்டத்துக்குக் கீழே மாடி மாடியாக இறங்கும் பள்ளங்கள். வெடி வைத்ததில் சுவர் விரிந்தது, கிணற்று நீர் இறங்கியது, ஓடை திரும்பியது, குத்தகை எல்லையைத் தாண்டி வெட்டுகிறார்கள் என்று குறைதீர் கூட்டங்களில் மனு விழும். எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்று பதில் வரும். யார் சொல்வது சரி என்று மேலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். மேலிருந்து பார்க்கச் சட்டமும் இருக்கிறது. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளின்படி, 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகை உள்ளவர்களும், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அல்லது அதற்கு மேல் வெட்டத் திட்டமிடுபவர்களும், தங்கள் சுரங்கத்தை ஆண்டுதோறும் ட்ரோனில் படமெடுத்து அனுப்பியாக வேண்டும். குத்தகைப் பரப்பை மட்டுமல்ல, எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரைக்கும் சேர்த்து. அரியலூர்ச் சுரங்கங்கள் பல இந்த அளவுக்குள் வருபவை.

அந்த நூறு மீட்டர் யாருடையது? குத்தகைக்குக் கொடுக்காத விவசாயியின் முந்திரிக்காடு. ஊராட்சியின் வண்டிப்பாதை. ஓடைப் புறம்போக்கு. ட்ரோன் ஆண்டுக்கு ஒரு முறை எல்லை தாண்டி வந்து இவற்றையெல்லாம் படமெடுத்துப் போகிறது. படம் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுரங்கப் பணியகத்துக்குப் போகிறது. படத்தில் இருக்கும் நிலத்துக்காரருக்கு அதைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போன ஆண்டுப் படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் பள்ளம் நகர்ந்ததா, மண்மேடு ஓடையில் சரிந்ததா, சாலைக்கும் வெட்டுமுகத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் மிச்சம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். புகார் பொய் என்றால் ஆலைக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வணிக ரகசியம் என்று சொல்வார்கள். அடுத்தவர் முந்திரிக்காட்டின் படத்தில் என்ன ரகசியம்? அதே விவசாயி தன் காட்டைத் தானே பார்க்கலாம் என்று, ஆள் வைத்து ஒரு சின்ன ட்ரோனைச் சுரங்க ஓரத்தில் எழுப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கருத்து இதுதான். பறப்பதற்கான கேள்வி ஒரே இடத்தில், ஒரே தடவை கேட்கப்பட வேண்டும். பெரம்பலூரில் செல்லும் சான்றிதழ் செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் மறுபேச்சில்லாமல் செல்ல வேண்டும். உள்ளூர் அதிகாரி 13ஆம் பிரிவின் பெல்ஜிய அதிகாரியைப் போல உள்ளூர்க் கேள்வியை மட்டும் கேட்கட்டும். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பஞ்சமில்லை. காரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் ஏறிய பறவைகள் சரணாலயம். வலசைப் பறவைகள் இறங்கும் மாதங்களில் அதன் மேல் வீடியோவுக்காக ட்ரோன் சுற்றுவதை எந்தப் பச்சை வரைபடமும் நியாயப்படுத்தாது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி தனி. சாத்தனூர்க் கல்மரத்தையும் காரையின் பள்ளத்தாக்குகளையும் தேடிவரும் யூடியூப்காரர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது? எங்கே கூடாது, யாரைக் கேட்க வேண்டும், எந்த மாதம் என்று இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து ஒரு பக்கத்துப் பட்டியல் வெளியிட்டு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒட்டிவிட்டால் பாதித் தகராறு குறைந்துவிடும். அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே ‘மற்ற இடங்களில் கடிதம் தேவையில்லை’ என்று எழுதிவிட வேண்டும்.

மருந்துக்கு முந்தின நாள் அறிவிப்பு இல்லாமல் மானியக் கருவி எதுவும் எழும்பக் கூடாது என்பதை வேளாண் துறை வட்டார அளவிலேயே உத்தரவாகப் போடலாம். அதற்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. சுரங்கப் படங்களுக்கு விதித் திருத்தம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. சுரங்கத்தை ஒட்டிய ஊராட்சியில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து, எங்கள் ஊர் எல்லைக்குள் எடுத்த ட்ரோன் படத்தை எங்களுக்கும் காட்டுங்கள் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதற்குப் பதில் எழுத வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு.